கண்ணில் விழுந்த பூ: கருவிழி தானம் பற்றி ஓர் எளிய விளக்கம்

குமரி மாவட்டத்து வீடுகளில் "அவருக்குக் கண்ணில பூ விழுந்திருக்கு" என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். "புரை விழுந்திருக்கு" என்பதையும் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கண் தானத்தைப் புரிந்துகொள்ள முதலில் பூவையும் புரையையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளுக்கும் எண்களுக்கும் மேலே ஒரு கண்ணாடி மூடி இருக்கிறது. நம் கண்ணுக்கும் அப்படி ஒரு மூடி உண்டு. ஆஸ்பத்திரியில் அதைக் கார்னியா என்பார்கள், தமிழில் கருவிழி என்று எழுதுகிறோம். பெயரில் கருமை இருந்தாலும் அது கறுப்பே இல்லை, துப்புரவான கண்ணாடி. அதற்குப் பின்னால் இருக்கும் கறுப்பும் பழுப்பும் அதன் வழியாகத் தெரிவதால் அப்படிப் பெயர் வந்துவிட்டது. குறுக்களவு ஏறக்குறைய 11 அல்லது 12 மில்லிமீட்டர். நடுவில் கனம் அரை மில்லிமீட்டர், நம் கட்டைவிரல் நகத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்தச் சின்னத் தகடுதான் செய்கிறது.

இந்த மூடியில் தழும்பு விழுந்து வெளுத்துப் போனால் அது பூ. மூடிக்கு உள்ளே, இன்னும் பின்னால் இருக்கும் லென்ஸ் மங்கினால் அது புரை. புரைக்கு அறுவை செய்து செயற்கை லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். அது தொழிற்சாலையில் தயாராகிறது, யாரும் இறந்து கொடுக்க வேண்டியதில்லை. கருவிழி அப்படியல்ல. செயற்கைக் கருவிழிகள் இருக்கின்றன, ஆனால் வேறு வழியே இல்லாத சிலருக்கு மட்டும்தான் அவை. மற்றவர்கள் எல்லாருக்கும் ஒரு மனிதக் கருவிழிதான் வர வேண்டும். அது இறந்த ஒருவரிடமிருந்துதான் வரும்.

கண் தானம் என்றதும் முழுக் கண்ணையும் எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவார்கள் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். அப்படி இல்லை. கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பை வெட்டிய பிறகு மறுபடி ஒட்டிப் பார்வை வரவைக்க இன்னும் யாராலும் முடியவில்லை. 2023-இல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே மாற்றி வைத்தார்கள். கண் உயிரோடு நின்றது, பார்வை வரவில்லை. எனவே இன்று பார்வைக்காகப் பொருத்தப்படுவது அந்தக் கண்ணாடி மூடி மட்டுமே. கண் நீர் அழுத்த நோயால் (கிளாக்கோமா) நரம்பு போனவர்களுக்கும், சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களுக்கும் கண் தானத்தால் பார்வை வராது. இதைச் சொல்லாமல் விட்டால் வீண் நம்பிக்கை கொடுத்ததாகிவிடும். பூ விழுந்தவர்களுக்கு, கருவிழி கூம்பாகப் பிதுங்கியவர்களுக்கு, கருவிழி நீர் கோத்து வீங்கியவர்களுக்குத்தான் இது.

பூ எப்படி விழுகிறது

நம் மாவட்டத்தில் இதற்கான காரணங்கள் வேலைக்குள்ளேயே இருக்கின்றன. நாஞ்சில் நாட்டு வயலில் கதிரடிக்கும்போது நெல் சுணை கண்ணில் தெறிக்கும். தென்னை ஓலை முடையும்போதோ ஈர்க்கு சீவும்போதோ நுனி குத்தும். அது சின்னக் கீறல்தான், ஆனால் ஓலையிலும் வைக்கோலிலும் இருக்கும் பூஞ்சை அந்தக் கீறல் வழியாக உள்ளே போய்விடும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களில் பூஞ்சையால் வருபவை மிக அதிகம். அந்தப் புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பை விட்டுவிட்டுப் போகிறது.

அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுகிறார்கள். முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும்போது கைத்தோலையே பொசுக்கும் எண்ணெய் தெறிக்கிறது. சுண்ணாம்பு எல்லா ஊரிலும் இருக்கிறது. வெற்றிலைக்கும், அக்கானி (பதநீர்) கலயத்துக்கும், சுவருக்கும். கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் அது ஆசிட்டை விட மோசம், உள்ளே உள்ளே அரித்துக்கொண்டே போகும். இவற்றில் எது தெறித்தாலும் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரால் அரை மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேராகக் கண் டாக்டரிடம் போக வேண்டும். நான் கெஞ்சிக் கேட்கிறேன், தாய்ப்பால் விடாதீர்கள், பச்சிலைச் சாறு விடாதீர்கள், விளக்கெண்ணெய் விடாதீர்கள். மெடிக்கலில் "கண் சிவப்புக்கு ஒரு மருந்து" என்று கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு, பூஞ்சைப் புண்ணுக்கு உரம் போட்டது மாதிரி ஆகிவிடும்.

இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், 50 வயதுக்குக் குறைந்தவர்களின் பார்வையிழப்புக்கு முதல் காரணமே கருவிழித் தழும்புதான் என்று தெரிந்தது, 37.5 விழுக்காடு. உழைக்கிற வயதில் இருப்பவர்கள், பிள்ளை வளர்க்கிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள் எல்லாம் அதற்குள் வருகிறார்கள். நாட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் கருவிழி மாற்று அறுவைகளாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. நடப்பது அதில் ஒரு பகுதிதான். கை தேர்ந்த டாக்டர்கள் இருக்கிறார்கள், நம் பக்கத்திலேயே திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பற்றாதது கண்.

ஆறு மணி நேரம் ஏன்

இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கண் தானத்தின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது.

கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் கண்ணாடியாக இருக்க முடியாது. அதற்கு வேண்டிய பிராணவாயு வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாக வருகிறது, சத்து உள்ளே இருக்கும் நீரிலிருந்து வருகிறது. ரத்தம் நேரடியாக வராததால்தான் உடல் இதை அந்நியப் பொருளாக எளிதில் கண்டுபிடிப்பதில்லை. கிட்னி மாற்றும்போது பார்க்கிற ரத்த வகைப் பொருத்தம், திசுப் பொருத்தம் எல்லாம் பொதுவாக இதற்குப் பார்ப்பதில்லை. தக்கலையில் இறந்த ஒருவருடைய கருவிழி யாருக்கு வேண்டுமானாலும் போகலாம், சாதி மதம் எதுவும் அதில் ஒட்டிக்கொண்டு போவதில்லை.

அந்த அரை மில்லிமீட்டர் தகட்டின் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசையாக உயிரணுக்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2,000 முதல் 3,000 வரை இருக்கும். அவற்றின் வேலை என்ன? கடலில் கிடக்கும் வள்ளத்துக்குள் பலகை இடுக்கு வழியாக நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு ஆள் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வள்ளம் மிதக்கும். இந்த அணுக்கள் அந்த ஆள் மாதிரி. கண்ணுக்குள் இருக்கும் நீர் கருவிழிக்குள் ஊறிக்கொண்டே இருக்கிறது, இவை இடைவிடாமல் இறைத்து வெளியே தள்ளுகின்றன. இறைப்பு நின்றால் கருவிழி நீர் கோத்து, பனி படிந்த ஜன்னல் கண்ணாடி போல மங்கிவிடும். இதில் வேதனை என்னவென்றால், ஒருமுறை செத்துப்போன அணுவுக்குப் பதிலாக மனிதக் கண்ணில் புது அணு முளைப்பதில்லை. பிறக்கும்போது கொண்டுவந்ததை வைத்துத்தான் கடைசி வரை ஓட்ட வேண்டும்.

மூச்சு நின்றவுடன் இந்த அணுக்கள் சாவதில்லை. மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் நின்ற நிமிடமே ஆபத்து. அதனால்தான் இதயம், கல்லீரல் தானத்துக்கு மூளைச்சாவு அடைந்து ஆஸ்பத்திரியில் கருவிகளின் உதவியோடு இருப்பவர்கள் வேண்டியிருக்கிறது. கருவிழிக்கு அது வேண்டாம். வீட்டில், கட்டிலில், தூக்கத்தில் இறந்தவரும் கொடுக்கலாம். ஆனால் நேரம் ஆக ஆக அந்த இறைப்பாட்கள் ஒவ்வொருவராகக் குறைவார்கள். எனவேதான் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்கிறார்கள். 6 மணி என்பது கடைசி எல்லை. 2 மணி நேரத்தில் எடுத்தால் இன்னும் நல்லது.

அந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும்

நான் டாக்டர் இல்லை. துட்டி வீடுகளுக்குப் போய், "கண்ணைக் கொடுக்கலாமா" என்று கேட்கிற வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஒரு தடவை செய்த தவறை இங்கே எழுத வேண்டும்.

குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் சாயங்காலம் இறந்துபோனார். மகன் எனக்குப் போன் செய்தான். நான் கண் வங்கிக்குச் சொன்னேன். "ஆள் வருது மக்கா, பயப்படாத" என்று அவனுக்கும் சொன்னேன். அதோடு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போய்ச் சேரும்போது பெரியவரைத் தாழ்வாரத்தில் கிடத்தி, தலைக்கு நேரே ஒரு பெடஸ்டல் ஃபேனை முழு வேகத்தில் வைத்திருந்தார்கள். கண் இமை பாதி திறந்திருந்தது. வந்தவர்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கருவிழியின் மேல்பரப்பு காய்ந்து, பளபளப்பு போய், பழைய பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. எடுத்துக்கொண்டு போனார்கள். பார்வைக்காகப் பொருத்த முடியவில்லை, பயிற்சிக்குப் பயன்பட்டது என்று பிறகு தெரிந்தது. போனில் ஒரே ஒரு வாக்கியம், "ஃபேனை நிறுத்து, கண்ணை மூடு" என்று நான் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்குப் போயிருக்கும். சொல்ல மறந்தது நான்.

ஆகவே இப்போது எந்த வீட்டுக்கும் போனில் முதலில் சொல்வது இதைத்தான். இமைகளை மெதுவாக மூடுங்கள். சுத்தமான பஞ்சையோ வெள்ளைத் துணியையோ தண்ணீரில் நனைத்துப் பிழிந்து இமை மேல் வையுங்கள், காயக் காய மறுபடி நனையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஏசி இருந்தால் ஓடட்டும், குளிர் நல்லது. தலைக்கு ஒரு தலையணை வைத்துச் சற்றே உயர்த்துங்கள், அப்போது கண்ணை எடுக்கும் இடத்தில் ரத்தக் கசிவும் வீக்கமும் குறையும். டாக்டர் ஒருவர் வந்து மரணத்தை உறுதிசெய்து சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். வீட்டுக்கு வழி, தெருவில் அடையாளம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். குமரி மாவட்டம் சிறியது, நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை போனாலும் 40 கிலோமீட்டருக்குள்தான். இருந்தாலும் மார்த்தாண்டத்தில் மாலை நேரத்தில் மாட்டிக்கொண்ட வண்டிக்கு அந்த 40 கிலோமீட்டரும் நீளம். போன் செய்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஃபேன் விஷயத்தில் நம் ஆட்களை வற்புறுத்துவது கடினம். "ஃபேனக் கொஞ்சம் கூட்டிப் போடு பிள்ளே, அவளுக்கு வேர்க்கும்" என்று இறந்தவளுக்காகச் சொன்ன ஒரு ஆச்சியை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாசத்தை எதிர்த்து யார் வாதம் செய்வது? வந்திருப்பவர்களுக்கு வேர்க்குமே என்றால் அவர்களை முற்றத்தில் பந்தலுக்குக் கீழே உட்காரவைக்கலாம். உள்ளே ஒரு மணி நேரம் காற்றில்லாமல் இருக்கட்டும்.

நம் ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள். மகன் வந்து முகம் பார்க்க வேண்டும் என்று உடலை ஐஸ் பெட்டியில் ஒரு நாள், இரண்டு நாள் வைக்கிறோம். "கண்ணை எடுக்க வந்தா அடக்கத்துக்கு நேரமாகிடுமே" என்பார்கள். நேரம் ஆகாது. எடுக்கிற வேலை 20 நிமிடம்தான். இரண்டு நாள் காத்திருக்கும் வீட்டில் 20 நிமிடம் ஒரு பொருட்டே அல்ல. ஐஸ் பெட்டி வந்துவிட்டாலும் கெடுதல் இல்லை, குளிரில் கருவிழி நன்றாகவே இருக்கும். இமை மூடியிருக்க வேண்டும், ஆட்கள் வரும்போது பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்குளம் பக்கம் ஒரு மாமி

என் சொந்தத்தில் ஒரு மாமி. 74 வயது. சர்க்கரை இருந்தது, பிரஷர் இருந்தது, இரண்டு கண்ணிலும் புரை அறுவை ஆகியிருந்தது, மூக்குக் கண்ணாடி வேறு. இரவு இரண்டு மணிக்கு இறந்துபோனார். மகள்தான் கூப்பிட்டாள்.

"அண்ணா, அம்மா சொல்லியிருந்தா. ஆனா இவ்வளவு நோய் இருந்த கண்ண எடுப்பாங்களா?"

எடுப்பார்கள். இந்தக் கேள்வியிலேயே நின்றுபோகும் வீடுகள் எத்தனையோ. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, கண்ணாடி, புரை அறுவை எதுவும் தடையில்லை. 80 தாண்டியவர்களும் கொடுக்கலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி மற்றும் சி, வெறிநாய்க்கடி நோய், ரத்தப் புற்று, ரத்தத்தில் நஞ்சேறிய தொற்று, மூளைக் காய்ச்சல், காரணமே தெரியாத மரணம் போன்றவற்றில் மட்டும் எடுக்கமாட்டார்கள். தீர்மானிப்பது கண் வங்கியின் வேலை. நாமே முடிவு செய்து போன் பண்ணாமல் இருக்க வேண்டாம்.

ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பேர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார்கள். டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற டெக்னீசியன்கள். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் வந்த திருத்தம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. மகளிடமும் மாமாவிடமும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், சாட்சிக் கையெழுத்தை நான் போட்டேன். அறையில் நாலைந்து பேர் மட்டும் இருந்தோம். கரண்ட் மங்கலாக இருந்ததால் நான் டார்ச் பிடித்தேன். கை கழுவி, உறை மாட்டி, முகத்தைச் சுற்றிச் சுத்தமான துணி விரித்தார்கள். தொற்று இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள், 10 மில்லி இருக்கும். பிறகு கருவிழியையும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளை விளிம்பையும் மட்டும் வட்டமாக எடுத்தார்கள். சில இடங்களில் முழு விழியையும் எடுத்துவிட்டு உள்ளே செயற்கையாக ஒன்றை வைத்து மூடுவார்கள். எப்படி எடுத்தாலும் வெளியே தெரியாது. எடுத்த கருவிழியை இளஞ்சிவப்பான திரவம் இருந்த குப்பிக்குள் போட்டபோது அது நீரில் கிடக்கும் மீன் செதில் மாதிரி இருந்தது. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு வட்டம். இமையை மூடிச் சுத்தம் செய்துவிட்டு, மாமி பக்கம் திரும்பிக் கைகூப்பிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

மாமா அதுவரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல வந்து முகத்தைக் குனிந்து பார்த்தார். நெற்றியில் விழுந்திருந்த ஒரு முடியை ஒதுக்கிவிட்டார். வேறெதுவும் மாறவில்லை. காலையில் வந்தவர்கள் யாரும், சொல்லும் வரை, கண் எடுத்ததை அறியவில்லை.

எடுத்த கண் எங்கே போகிறது

கண் வங்கியில் ரத்தத்தைச் சோதிப்பார்கள். கருவிழியை நுண்ணோக்கியில் வைத்து அந்த இறைப்பாட்களை எண்ணுவார்கள். எண்ணிக்கை நன்றாக இருந்தால் பார்வைக்காகப் பொருத்துவார்கள். குறைவாக இருந்தாலும், புண் ஓட்டை விழுந்து கண்ணே போகும் நிலையில் இருப்பவருக்குக் கண்ணைக் காப்பாற்ற ஒட்டுப் போட அது உதவும். எம்.கே. திரவம் என்ற சாதாரணக் குப்பியில் 4 நாள் வரை குளிரில் வைக்கலாம். 14 நாள் வரை தாங்கும் திரவமும் உண்டு. அதில் ஒன்றான கார்னிசால் நம் மதுரையிலேயே, ஆரோலேப் நிறுவனத்தில் தயாராகிறது. முன்பெல்லாம் இந்தத் திரவங்கள் இல்லாமல் ஈரப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளுக்குள் ஓட வேண்டியிருந்தது.

பிறகு வரிசையில் காத்திருப்பவருக்கு அறுவை. பூ விழுந்த வட்டத்தை வெட்டியெடுத்துவிட்டு, அதே அளவில் புதியதைப் பொருத்தி, தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய நைலான் இழையால் தைப்பார்கள், பெரும்பாலும் 16 தையல். இப்போது கருவிழியின் எந்த அடுக்கு கெட்டிருக்கிறதோ அதை மட்டும் மாற்றும் முறைகளும் வந்துவிட்டன. அதனால் ஒரே கருவிழியின் முன்னடுக்கு ஒருவருக்கும் பின்னடுக்கு இன்னொருவருக்கும் போக முடியும். ஒருவர் கொடுத்தால் இருவருக்குப் பார்வை என்ற பழைய கணக்கு மூன்று, நான்கு என்றும் ஆகலாம். கண்ணின் நிறம் மாறாது. இறந்தவர் பார்த்தது இவருக்குத் தெரியும் என்பதெல்லாம் சினிமாக் கற்பனை. பார்வை உடனே பளிச்சென்று வந்துவிடுவதும் இல்லை. தையல் பிரித்து, கண்ணாடி போட்டு, முழுத் தெளிவு வர ஒரு வருடம்கூட ஆகும். சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, மங்கினாலோ அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். உடல் புதுக் கருவிழியை எதிர்க்க ஆரம்பிப்பதன் அறிகுறி அது. ஆரம்பத்தில் பிடித்தால் சரியாகிவிடும்.

இதெல்லாம் இன்று நேற்று வந்த வித்தையல்ல. 1905 டிசம்பர் 7 அன்று, இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஒலோமௌட்ஸ் நகரில் எட்வார்ட் சிர்ம் என்ற மருத்துவர் முதல் வெற்றியைக் கண்டார். அவரிடம் வந்தவர் ஒரு கூலித் தொழிலாளி, இரண்டு கண்ணும் சுண்ணாம்பால் வெந்து போனவர். வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்புக் கரண்டகம் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் கதை சொந்தம் என்று எனக்குத் தோன்றும். அடிபட்டு அகற்ற வேண்டியிருந்த 11 வயதுச் சிறுவனின் கண்ணிலிருந்து கருவிழி எடுத்து வைத்தார். இரண்டில் ஒரு கண் பிழைத்தது. இறந்தவர்களின் கருவிழியைப் பயன்படுத்தலாம் என்பதை 1930-களில் ஒடெசாவில் விளாதிமிர் ஃபிலடோவ் பெரிய அளவில் செய்து காட்டினார். அது நடந்திராவிட்டால் கண் வங்கி என்ற ஒன்றே பிறந்திருக்காது. நம் நாட்டின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையாவால் தொடங்கப்பட்டது. அந்த ஆஸ்பத்திரி 1819-இல் தொடங்கியது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. அங்கே ஹட்சன் சில்வா என்ற மருத்துவர் 1961-இல் கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சின்ன நாடு தன் தேவை போக மிஞ்சியதை உலகம் முழுக்க அனுப்புகிறது, பல்லாயிரம் கருவிழிகள் அங்கிருந்து போயிருக்கின்றன. அங்கே சாவு வீட்டில் கண் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கன்னியாகுமரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடக்கிற ஒன்று நம் ஊரில் ஏன் வழக்கமாகக் கூடாது என்று நான் அடிக்கடி நினைக்கிறேன்.

கேட்கிற கேள்விகள்

"அடுத்த பிறவியில குருடாப் பிறப்பாங்களே" என்பது இந்து வீடுகளில். "கர்த்தருக்கு முன்னால முழு உடம்போட போகணும்" என்பது கிறிஸ்தவ வீடுகளில். இரண்டையும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும், பயத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எரித்தால் சாம்பலும் புதைத்தால் மண்ணும் ஆகிற ஓர் அரை மில்லிமீட்டர் தகடு அது என்று நான் சொல்வேன். உறுப்பு தானம் அன்பின் செயல் என்று போப் இரண்டாம் ஜான் பால் வெளிப்படையாகவே ஆதரித்ததைச் சொல்வேன். இஸ்லாமிய வீடுகளில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஆகவே தங்கள் ஜமாத்துப் பெரியவரிடம் உயிரோடு இருக்கும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளச் சொல்வேன். கூட்டங்களில் கண்ணப்ப நாயனாரை இழுக்கிறார்கள், எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. அவர் உயிரோடு, வலியோடு தன் கண்ணைப் பெயர்த்தார். நம்மிடம் அப்படி யாரும் கேட்கவில்லை.

காசு எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் சிறியது. கொடுக்கும் வீட்டுக்குச் செலவு இல்லை, வரவும் இல்லை. உறுப்பை வாங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம். யாருக்குப் போனது என்பதைச் சொல்லமாட்டார்கள். மாமியின் மகள் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள், பயன்பட்டது என்பதை மட்டும் சொன்னார்கள். விபத்தில் இறந்து போலீஸ் கேஸ் ஆனாலும் கொடுக்கலாம், விசாரணைக்குத் தடை இல்லை என்றால் சவப் பரிசோதனை நடக்கும் இடத்திலேயே எடுத்துக்கொள்வார்கள்.

உறுதிமொழி அட்டை பற்றித்தான் நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண் தான இருவாரம் நடக்கிறது. கல்லூரிகளில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் அட்டையில் கையெழுத்துப் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் இறந்தவர் எழுந்து அந்த அட்டையைக் காட்டப் போவதில்லை. போனை எடுக்க வேண்டியவர் மனைவி, மகன், மகள், அண்ணன், தம்பி, இவர்களில் ஒருவர். அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் அட்டை பீரோவுக்குள்ளேயே இருக்கும். அட்டையே போடாத மாமியின் கண் போய்ச் சேர்ந்தது, மகளிடம் சொல்லியிருந்ததால். எனவே அட்டை போடுங்கள் அல்லது போடாதிருங்கள், வீட்டில் சோறு உண்ணும்போது ஒருநாள் வாய் திறந்து சொல்லுங்கள். உங்கள் பக்கத்துக் கண் வங்கியின் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் விசாரிக்கலாம், 104-ஐ அழைத்தும் வழி கேட்கலாம்.

எங்கள் வீட்டில் அந்த எண் அடுக்களைக் கதவின் உட்புறம், கேஸ் புக் பண்ணும் எண்ணுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. மகன் சவுதியில் இருக்கிறான். போன வாரம் பேசும்போது எனக்கு அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மறுபடி சொன்னேன். இந்தப் பேச்சு அவனுக்குப் பிடிக்காது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான், "முதல்ல ஃபேன நிறுத்தச் சொல்லணும், அப்புறம்தான் ஐ பேங்குக்குப் போனு, அப்படித்தானப்பா?"

இரண்டும் ஒரே சமயத்தில், ஒரு ஆள் ஃபேனுக்கு, ஒரு ஆள் போனுக்கு என்று சொன்னேன். அம்மா ஃபேனை நிறுத்தட்டும், தங்கச்சி போன் பண்ணட்டும் என்று அவனே பிரித்து வைத்தான்.